டிராகனின் ஐந்தாவது விரல்

பச்சை குத்திக்கொள்ள வருகிறவரை முதலில் நேராக நிற்க வைக்க வேண்டும் என்பது மூத்தவளின் கடையில் மாற்றமில்லாத விதி. படுத்துக் கிடக்கும் முதுகில் ஒட்டிய படம், ஆள் எழுந்து நின்றதும் கோணிக்கொள்ளும். கோணிய படத்தை ஆயுள் முழுக்கச் சுமக்கப் போகிறவர் அவர். அதைப் பார்க்கும்போதெல்லாம் வெட்கப்படப் போகிறவள் இவள். ஆகவே, தன் தங்கையின் கணவனையும் அவள் கண்ணாடிக்கு எதிரே நிறுத்தினாள். அவனோ நிற்கவில்லை. ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறினான். கைப்பேசியை எடுத்தான், வைத்தான். கழுத்தைத் திருப்பித் தன் முதுகைத் தானே பார்த்துவிட முயன்றான்.

“மாப்பிள்ளை, காலைத் தரையில ஊனி நில்லுங்க. எறும்புப் புத்து மேலயா நிக்கறீங்க?”

“நின்னுக்கிட்டுதானே இருக்கேன் அண்ணி.”

“நீங்க நிக்கறீங்க. உங்க முதுகு நடந்துக்கிட்டிருக்கு.”

அவன் சிரித்தான். சிரித்ததில் தோள்கள் குலுங்கின. மூத்தவள் ஒட்டவிருந்த படத்தாளை விலக்கிக்கொண்டு காத்திருந்தாள்.

ஒரு பெரிய சரக்குக் கிடங்கில் ஏற்றி இறக்கும் பிரிவுக்கு அவன் மேற்பார்வையாளன். அங்கே அவனுக்கு ‘அவசரம்’ என்று பெயர். லாரி வளாகத்துக்குள் நுழைவதற்கு முன்பே அதன் கதவைத் திறந்துவிடுவான் என்று கேலி செய்வார்கள். இளையவளும் அதே கிடங்கில்தான் வேலை செய்தாள்; எந்தச் சரக்கு எந்த லாரியில் போக வேண்டும் என்று முடிவுசெய்யும் அலுவலக அறையில். இருவரும் காலையில் ஒரே வண்டியில் போவார்கள். மாலையில் அவன் வண்டியை முடுக்கிக்கொண்டு வாசலில் நிற்பான், அவள் நிதானமாக வருவாள்.

அவன் முதுகில் ஏற்கெனவே ஒரு சீன டிராகன் இருந்தது, மூத்தவள் வரைந்ததுதான். இடது தோளில் தலையை வைத்து, முதுகெலும்பைக் குறுக்காகக் கடந்து, வலது இடுப்பில் வாலைச் சுருட்டியிருந்தது. மானின் கொம்பு, பாம்பின் கழுத்து, கெண்டை மீனின் செதில், கழுகின் நகம் எனப் பல உயிர்களின் உறுப்புகள் கூடிய உடம்பு. அது நெருப்பைக் கக்குவதில்லை. அதன் மூச்சு மேகமாகும், மேகம் மழையாகும். வசந்தத்தில் வானேறி, இலை உதிரும் பருவத்தில் ஆழ்நீருக்குள் இறங்கிவிடும் என்பது பழைய நம்பிக்கை. தொண்டைக்குக் கீழே ஒரே ஒரு செதில் மட்டும் மற்றவற்றுக்கு எதிர்த்திசையில் படிந்திருக்கும். அதைத் தொட்டவரை டிராகன் உயிரோடு விடாது. அந்தச் செதிலைக் கண்ணாடியில் பார்த்துவிட்டு, “ஒண்ணு தப்பா விழுந்திருச்சே அண்ணி!” என்று அவன் பதறியதும், விளக்கம் கேட்டபின், “எனக்கெல்லாம் அப்படித் தொடக் கூடாத இடம்னு எதுவும் கிடையாது” என்று மார்தட்டியதும் மூத்தவளுக்கு நினைவிருந்தன.

பொருள் தெரியாமல் ஒன்றை உடம்பில் சுமப்பது மூத்தவளுக்குப் பிடிக்காது. ஆகவே, வருகிறவர்கள் எல்லோருக்கும் சொல்வாள். பெரும்பாலோர் தலையாட்டிவிட்டு மறந்துபோவார்கள். இவன் ஒருவன்தான் கேட்டதை இறுகப் பிடித்துக்கொண்டான். அதிலும் பாதியை மட்டும்.

முதன்முதலில் அவன் வந்தபோது சுவரில் இருந்த படங்களுள் மூன்று விரல் டிராகனைத் தேர்ந்தெடுத்தான். பழைய சீன அரசவையில் ஐந்து விரல் டிராகன் பேரரசருக்கு உரியது, நான்கு விரல் இளவரசர்களுக்கும் பிரபுக்களுக்கும் உரியது, மூன்று விரல் அவர்களுக்கும் கீழே உள்ளவர்களுடையது என்று மூத்தவள் பேச்சுவாக்கில் சொன்னாள். இந்த விதி அரச வம்சத்துக்கு அரச வம்சம் மாறியது என்றும் சொன்னாள். இரண்டாவது வாக்கியம் அவன் காதில் ஏறவில்லை. மேற்பார்வையாளர் பதவிக்கு அவன் பெயர் அடிபட்டபோது திரும்பி வந்து, காலுக்கு ஒரு விரல் கூட்டிக்கொண்டான். பதவியும் கிடைத்தது. அன்றிலிருந்து அவனைப் பொறுத்தவரை விரல் முன்னே, நாற்காலி பின்னே.

இப்போது கிடங்கு மேலாளரின் இடம் காலியாகியிருந்தது. யாருக்கு என்பதை இன்று மதிய உணவுக்குப் பின் கூடும் கூட்டத்தில் முடிவுசெய்யப் போகிறார்கள். அதற்குள் ஐந்தாவது விரல் முதுகில் ஏறியாக வேண்டும்.

“அவளுக்குத் தெரியுமா நீங்க இங்க வந்தது?” என்று மூத்தவள் கேட்டாள்.

“வேலை கிடைச்சதும் ரெண்டையும் சேத்துச் சொல்லிக்கலாம்.”

“கிடைக்கலைன்னா?”

“நீங்களே இப்படிக் கேட்டா எப்படி? அந்தக் கிடங்குல எந்தத் தட்டுல எந்தப் பெட்டி இருக்குன்னு கண்ணைக் கட்டிவிட்டாலும் சொல்லுவேன். எனக்கில்லாம வேற யாருக்கு?”

“பெட்டியை இடம் மாத்திடலாம் மாப்பிள்ளை. விரலை மாத்த முடியாது.”

“மாத்தறதுக்கா இவ்வளவு தூரம் வந்தேன்? போடுங்க அண்ணி.”

மூத்தவள் அவன் முதுகை நெருங்கிப் பார்த்தாள். போன முறை நான்காவது விரலைப் பாதத்தின் பின்புறம் கட்டைவிரல்போல வைத்திருந்தாள். இனி இடம் இருப்பது முன்புறத்தில் மட்டும், அதுவும் நெருக்கியடித்து.

“அன்னிக்கே கேட்டேன், இன்னொண்ணுக்கு இடம் விட்டு வரையவான்னு. ‘நாலு போதும், நான் என்ன ராஜாவா’ன்னீங்க.”

“அன்னிக்கு நான் சின்ன ஆளு.”

“முதுகு மட்டும் அப்படியேதான் இருக்கு. உங்க ஆசை வளர்ற வேகத்துக்கு அது வளரலையே.”

ஒருவழியாக அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்ற இடைவெளியில், டிராகனின் நான்கு கால்களிலும், படத்தைத் தோலுக்கு மாற்றும் ஸ்டென்சில் தாளை ஒட்டி உரித்தாள். ஒவ்வொரு பாதத்திலும் ஓர் ஊதா விரல் விழுந்தது. சோப்புத் தண்ணீர் பட்டால் போய்விடும் ஊதா. ஊசி அதன்மேல் போன பிறகுதான் அது விரல்.

அவனைக் குப்புறப் படுக்க வைத்தாள். மெத்தையின் தலைப்பகுதியில் இருந்த பள்ளத்தில் அவன் முகம் புதைந்தது. கைப்பேசியை வாங்கித் தூர இருந்த தட்டில் கவிழ்த்து வைத்தாள். அதுவும் விதிதான்.

வழக்கப்படி அவள் நான்கு விரல்களுக்கும் முதலில் கோடு இழுத்துவிட்டு, பிறகு ஒவ்வொன்றாக நிழலும் செதிலும் நிரப்பியிருக்க வேண்டும். வேலைக்கு ஓர் ஒழுங்கு உண்டு. ஆனால் அவன் குதிங்கால்கள் மெத்தையின் விளிம்பில் தாளம் போட்டுக்கொண்டிருந்தன. இந்த முதுகு எந்த நிமிடம் எழுந்து ஓடும் என்று சொல்ல முடியாது. ஒரு காலையாவது முழுதாக முடித்துவிடுவோம் என்று எண்ணினாள். தோளருகே ஒரு முத்தைப் பற்றியிருந்த டிராகனின் முன்னங்காலை எடுத்துக்கொண்டாள். அந்த முத்தை நிலவு என்பாரும் உண்டு, ஞானம் என்பாரும் உண்டு. ‘மேலாளர் அறைச் சாவி’ என்பது மாப்பிள்ளையின் கருத்து.

மெஷின் ஓடத் தொடங்கியது. ஓட ஓட அவனும் பேசினான். மேலாளர் அறையில் மேசையை வாசலைப் பார்த்துப் போடுவதா, கண்ணாடிச் சுவரைப் பார்த்துப் போடுவதா. பழைய நாற்காலியை வைத்துக்கொள்வதா, மாற்றுவதா.

“உங்க தங்கச்சியக் கேட்டேன். எந்தப் பக்கம் போட்டாலும் உக்காந்து வேலை பாத்தாச் சரின்னுட்டா. அவளுக்கு இதுலெல்லாம் அக்கறையே இல்ல.”

“பேசும்போது மூச்சு ஏறி இறங்குது. பேசாதீங்க.”

“பேசலைன்னா இன்னும் அதிகமா ஏறி இறங்கும் அண்ணி.”

அந்த விரல் முடிந்தது. துடைத்துப் பார்த்தாள். நெருக்கத்தில் பிறந்த விரலென்று யாரும் சொல்ல மாட்டார்கள். செதில்களைச் சற்றே ஒதுக்கி வழிவிட்டதுபோல வரைந்திருந்தாள். அடுத்த காலுக்கு மையை எடுக்கும் நேரத்தில் அவளுடைய கைப்பேசி ஒலித்தது. இளையவள். வேலை நேரத்தில் அழைக்கிறவள் அல்ல. மூத்தவள் கையுறைகளைக் கழற்றிப் போட்டுவிட்டுப் பின்கட்டில் கழுவுதொட்டி இருந்த அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

“அக்கா, தனியா இருக்கியா?”

“சொல்லு.”

“எனக்குக் கிடைச்சிருச்சுக்கா.”

“என்ன கிடைச்சுது?”

“மேனேஜர் வேலை. இப்பதான் கூப்பிட்டுச் சொன்னாங்க.”

மூத்தவள் தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். “நீயும் கேட்டிருந்தியா?”

“நானாப் போய்க் கேக்கல. நீயும் முயற்சி பண்ணும்மான்னு முதலாளி சொன்னாரு, சரின்னேன். அன்னிக்கே இவர்கிட்ட சொல்லியிருக்கணும். தினமும் சொல்ல வாயெடுப்பேன். இவர் சோத்துத் தட்டுமேல விரலால கோடு போட்டு, ‘இங்க மேசை, இங்க அலமாரி’ன்னு காட்டிக்கிட்டிருப்பாரு. அதுக்கு நடுவுல எப்படிக்கா சொல்றது?”

“இத்தனை நாள் சொல்லாம விட்டுட்டு இப்ப மட்டும் எப்படிச் சொல்லப்போற?”

“திட்டாத. பல்லு வலின்னு வேற இன்னிக்கு லீவு போட்டுட்டுப் போயிருக்காரு. போன்ல சொல்ற விஷயமும் இல்ல.”

“பல் டாக்டர்கிட்ட இல்ல. இங்கதான் படுத்திருக்காரு.”



“அங்க எதுக்கு?”

“நீயே வந்து பாரு. உடனே கிளம்பு.”

“நீ சொல்லிடாதக்கா. என் வாயாலதான் அவர் கேக்கணும். சத்தியமாச் சொல்லிடாத.”

மூத்தவள் சரியென்று வாக்குக் கொடுத்துவிட்டு, கைகளைத் தேவைக்கு மேல் கழுவினாள். திரும்பி வந்தபோது அவன் முகத்தைத் தூக்காமலே கேட்டான்.

“யாரு அண்ணி?”

“தெரிஞ்சவங்க.”

“அடுத்த காலு?”

புதிய கையுறை போட்டாள். ஊசியைச் சரிபார்த்தாள். சரியாகவே இருந்தது, ஆயினும் கழற்றி வேறொன்றைப் பொருத்தினாள். மைக்குப்பியைக் குலுக்கினாள். துடைப்புத் தாள்களை அடுக்கினாள். அடுக்கியதைக் கலைத்து மறுபடி அடுக்கினாள். மூன்று ஊதா விரல்கள் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தன. சொல்லக் கூடாது என்பது தங்கைக்குக் கொடுத்த வாக்கு. பொய் என்று தெரிந்த ஒன்றைத் தோலில் ஏற்றக் கூடாது என்பது அவள் தனக்கே கொடுத்துக்கொண்ட வாக்கு. இரண்டையும் ஒரே கையில் பிடித்துக்கொண்டு ஊசியைப் பிடிக்க முடியவில்லை. ஒழுங்கு தவறி ஒரு காலோடு முடித்தது நல்லதாகப் போயிற்று. ஒழுங்காகச் செய்திருந்தால் இந்நேரம் நான்கு கால்களிலும் கோடு ஏறியிருக்கும்.

முடித்த விரலையே மறுபடி எடுத்துக்கொண்டு, நிழல் நன்றாக இருந்த இடத்தில் மெல்ல நிழல் சேர்த்தாள். அது தவறு என்று அவளுக்குத் தெரியும். ஒரே இடத்தில் ஊசி திரும்பத் திரும்பப் போனால் தோல் புண்ணாகும்.

“ஸ்ஸ்... அங்கதான் முடிஞ்சிருச்சுன்னீங்களே!”

“ஓரம் சரியில்ல.”

“ஓரத்தை யாரு பாக்கப்போறா? கூட்டம் முடியற நேரம் அண்ணி. நாலு காலும் முடியறதுக்குள்ள அங்க கையெழுத்தே ஆயிடும்போல.”

தட்டில் கவிழ்ந்திருந்த அவன் கைப்பேசி அதிர்ந்தது. உலோகத்தட்டு முழுவதும் சேர்ந்து அதிர்ந்தது. அவன் முதுகு துள்ளியது.

“எடுத்துப் பாருங்க அண்ணி, ஆபீஸா இருக்கும்!”

“கையுறை போட்டிருக்கேன். அதைத் தொட முடியாது.”

“நான் எடுத்துக்கறேன்.”

“படுங்க மாப்பிள்ளை!”

அந்தக் குரல் இருவருக்குமே புதிதாக இருந்தது. அவன் படுத்தான். கைப்பேசி அதிர்ந்து அடங்கியது. அந்த அமைதியை நிரப்ப ஏதாவது சொல்லியாக வேண்டியிருந்தது. மூத்தவளுக்கு டிராகன்களைத் தவிர வேறு பேச்சு வாய்க்கவில்லை.

“அந்த அஞ்சு விரல் சட்டம் இருக்கே, அதுல ஒரு சங்கதி சொல்லாம விட்டுட்டேன். ராஜா சில நேரம் தன்னோட அங்கி மாதிரியே ஒண்ணை, டிராகன் தைச்ச அங்கியை, கீழ இருக்கறவங்களுக்குப் பரிசாக் கொடுப்பாராம். வாங்கினவரு அதை அப்படியே போட்டுக்க முடியாது. காலுக்கு ஒரு விரலைத் தையல் பிரிச்சு எடுத்துட்டுத்தான் போட்டுக்கணும்.”

“கொடுத்த கையாலயே பிடுங்கறதா? நல்ல ராஜா.”

“பிடுங்கறதில்ல. அங்கி அவருகிட்டதான் இருக்கும். ஒரு விரல்தான் போகும்.”

“துணின்னாப் பிரிச்சிடலாம்” என்று அவன் சிரித்தான். “தோல்ல எப்படிப் பிரிப்பீங்க?”

மூத்தவள் மெஷினை நிறுத்தியிருந்தாள், எப்போது நிறுத்தினாள் என்பது அவளுக்கே தெரியவில்லை. அறையில் மின்விசிறியின் சத்தம் மட்டும் இருந்தது. குதிங்கால்களின் தாளமும் நின்றது.

“அண்ணி, உங்க கை சும்மா இருந்து நான் பாத்ததே இல்ல.”

அவள் மெஷினைக் கீழே வைத்தாள்.

“போன்ல யாரு?”

“அவதான். வந்துக்கிட்டிருக்கா.”

“இந்த நேரத்துல அவ எதுக்கு வர்றா? மதியம் லாரியெல்லாம் கிளம்பற நேரம். வீட்டுக்கே தீப்பிடிச்சாலும் அவ அந்த நாற்காலிய விட்டு எழுந்திருக்க மாட்டாளே.”

அவன் பேசிக்கொண்டே வந்து, கடைசிச் சொல்லில் நின்றான். மூத்தவளின் இடக்கை அவன் முதுகின் நடுவே ஊன்றியிருந்தது. அவன் முகம் மெத்தையில் புதைந்திருந்ததால் அதை அவளால் பார்க்க முடியவில்லை. உள்ளங்கைக்குக் கீழே தசை மெல்ல இறுகி, பலகைபோல ஆனதை மட்டும் உணர்ந்தாள். டிராகனின் நடுவுடல் சற்றே உயர்ந்து அப்படியே நின்றது.

“வேலை அவளுக்கா?” என்று மெத்தைக்குள்ளிருந்து குரல் வந்தது.

மூத்தவள் கையை எடுக்கவில்லை. அதுவே பதிலாயிற்று.

வெகு நேரம் அவன் அசையவில்லை. நிற்கவே தெரியாதவன் அப்படிக் கிடந்தது அவளைக் கலவரப்படுத்தியது. எழுந்து எதையாவது உதைத்திருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும்.

“அண்ணி.”

“சொல்லுங்க.”

“எனக்குத் தெரியாது. சரியா? அவ வந்து சொல்லட்டும். எனக்கு எதுவும் தெரியாது.”

“சரி.”

“எழுந்திருக்கல நான். இப்படியே படுத்துக்கறேன். மூஞ்சி... அவளுக்கு என் மூஞ்சியப் பாத்தாத் தெரிஞ்சிடும்.”

இளையவள் வந்தபோது கழுத்தில் அலுவலக அடையாள அட்டை தொங்கிக்கொண்டிருந்தது. வழியெல்லாம் சொல்ல வேண்டியதை ஒத்திகை பார்த்து வந்தவளைப்போல உதடுகள் அசைந்தன. கணவனின் திறந்த முதுகைக் கண்டதும் ஒத்திகை கலைந்தது. புதிய விரலையும், மூன்று ஊதா விரல்களையும் அவள் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். அவற்றுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. நான்காவது விரலின் கதையை வீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம் அவன் சொன்னபோது, உள்ளிருந்து கேட்டுக்கொண்டிருந்தவள் அவள்.

“பல் டாக்டரு நல்லாத்தான் வேலை செஞ்சிருக்காரு” என்றாள். சிரிக்க முயன்ற குரல் நடுவில் உடைந்தது.

“நீ எங்க இங்க?” என்றான் அவன், மெத்தைக்குள்ளிருந்து.

“உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்.”

“சொல்லு. காது மேலதான் இருக்கு.”

“அந்த வேலை எனக்குக் கொடுத்திருக்காங்க. நான் கேட்டிருந்தேன். உங்ககிட்ட சொல்லாம இருந்துட்டேன். அது என் தப்பு. வேலைய வாங்கினது தப்பில்ல.”

சொல்லிக்கொண்டே அவள் கையை நீட்டி அவன் இடது தோளில் வைத்தாள். டிராகனின் தொண்டைக்குக் கீழே, எதிர்த்திசையில் படிந்த அந்த ஒற்றைச் செதிலின்மீதே அவள் விரல்கள் தங்கின. அவள் அதை அறியவில்லை. மூத்தவள் மூச்சை அடக்கிக்கொண்டாள். தன் உள்ளங்கைக்குக் கீழே பலகையான அந்த முதுகு இன்னும் இறுகுவதை உணர்ந்தாள். புதிய விரலின் ஓரத்தில் புள்ளி புள்ளியாக இரத்தம் துளிர்த்தது.

“அடடே!” என்றான் அவன். ஒரு கணம் பிந்தி வந்த வியப்பு. “நீயா? பலே ஆளுதான் நீ. நல்லது. ரொம்ப நல்லது.”

“நிஜமாத்தான் சொல்றீங்களா?”

“பின்ன? வீட்டுக்குள்ளயே வந்திருக்கு. வேற எவனுக்காவது போயிருந்தாத்தானே...” அவன் வாக்கியத்தை முடிக்கவில்லை. “இனிமே நான் லீவு கேட்டா நீதான் கையெழுத்துப் போடணும். பல்லு வலின்னு சொல்ல முடியாது.”

இளையவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு அக்காளைப் பார்த்தாள். மூத்தவள் இரத்தத்தை ஒற்றி எடுப்பதில் மும்முரமாக இருந்தாள்.

“மீதி மூணு காலும் என்ன பண்றது?” என்று இளையவள் கேட்டாள்.

“ஒத்தக் கால்ல மட்டும் அஞ்சு விரலோட திரிஞ்சா நாலு பேரு சிரிப்பாங்க” என்றான் அவன். “என்ன அண்ணி?”

“உங்க முதுகு. நீங்கதான் சொல்லணும்.”

“நான் ஒண்ணு சொல்றேன்” என்றாள் இளையவள். “எனக்காக நிறுத்தவும் வேணாம். எனக்காகப் போட்டுக்கவும் வேணாம்.”

அவன் குதிங்கால் ஒருமுறை மெத்தையைத் தட்டியது. மறுபடி தட்டவில்லை.

“துடைச்சிடுங்க அண்ணி.”

மூத்தவள் தாளைச் சோப்புத் தண்ணீரில் நனைத்தாள். தோள்பட்டையின் கீழ் இருந்த ஊதா விரலை அழுத்தித் துடைத்தாள். அது மங்கி, கரைந்து, தாளுக்கு வந்தது. விலாப்பக்கத்து விரலும் அப்படியே போயிற்று. இடுப்பருகே இருந்த கடைசிக் காலுக்குத் தாளைக் கொண்டுபோனபோது, அவன் வலக்கை திடீரென்று பின்னால் வளைந்து வந்து அந்த இடத்தை மூடிக்கொண்டது.

“அது இருக்கட்டும்.”

“மை ஏத்தலையே மாப்பிள்ளை. நிக்காது.”

“தெரியும். குளிக்கறப்ப தானாப் போயிடும். அதுவரைக்கும் இருக்கட்டும்.”

மூத்தவள் தாளைக் கூடையில் போட்டாள். புதிய விரலுக்கு மருந்து தடவி மெல்லிய உறை ஒட்டினாள். அவன் எழுந்து உட்கார்ந்தான். முகத்தில் மெத்தையின் தையல் தடம் வட்டமாகப் பதிந்திருந்தது. அந்த வட்டத்துக்குள் இருந்த சிரிப்பைப் பார்த்து இளையவள் ஏறக்குறைய நம்பிவிட்டாள். தட்டிலிருந்து கைப்பேசியை எடுத்த அவன், வந்திருந்த செய்தியைத் திறக்காமல் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

இளையவள் அவனுக்குச் சட்டையை விரித்துப் பிடித்தாள். பிடித்தபோது இடுப்பருகே இருந்த ஊதா விரலைப் பார்த்தாள். அது ஏன் அங்கே இன்னும் இருக்கிறது என்று கேட்கவில்லை.

“பாத்துப் போடுங்க” என்றாள். “வேர்வை பட்டா அழிஞ்சிடப் போகுது.”

சட்டை இறங்கும்போது தோளருகே ஒட்டிய உறை விலகாமலிருக்க மூத்தவள் ஒருமுறை அவன் முதுகைத் தொட்டுச் சரிசெய்தாள். துணிக்குக் கீழே முதுகு இன்னும் இளகியிருக்கவில்லை.